ஐம்பத்தேழு சம்மதங்கள்

மேசையில் வைத்த பிளேன்டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. ஜெனூபா அதைத் தொடவே இல்லை. அவள் முன்னால் ஒரு கட்டுப் படிவங்கள் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கையெழுத்தைப் பார்த்தாள், பேனை மையின் நிறத்தைப் பார்த்தாள். பொறியியல் பீடத்தில் பதினான்கு வருடமாகப் பாடம் நடத்தும் ஒரு விரிவுரையாளர் மாணவர்களின் வேலையைத் திருத்துகிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். களவு போன வீட்டில் பொலிஸ்காரர் அலுமாரியைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

சந்தேகம் அவளுக்குக் கூடப்பிறந்தது. சம்மாந்துறைச் சந்தையில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். மீன் விற்பவர் சொந்த மாமாவாக இருந்தாலும் செவுள் தூக்கப்படும். புருஷன் அப்ராஸ் "பள்ளிக்குத் தொழப் போயிட்டு வாறன்" என்று போய்க் கொஞ்சம் சுணங்கி வந்தால், வாசலில் கழற்றிய செருப்பில் கடற்கரை மணல் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பாள். அந்த மனுஷன் இப்போதெல்லாம் செருப்பைத் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார்.

ஆனாலும் அவளுடைய சந்தேகம் எப்போதும் வீண்போனது என்று சொல்ல முடியாது. போன வருடம் நாற்பது வீடுகளில் கருத்துக் கேட்டோம் என்று ஒரு மாணவர் குழு நாற்பது படிவங்களைக் கொண்டுவந்து வைத்தது. நாற்பது வீட்டுக்காரரும் ஒரே மாதிரிச் சுழி போட்டு எழுதியிருந்தார்கள். விடுதிக் கட்டிலை விட்டு இறங்காமலே பிள்ளைகள் நிரப்பிய படிவங்கள் அவை. கையும் களவுமாகப் பிடித்தவள் ஜெனூபாதான். அன்றிலிருந்து படிவம் என்றாலே அவளுக்கு மூக்கு வேர்க்கும்.

அவள் நடத்தும் பாடம் கொஞ்சம் புதுசு. மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் ஒரு பொருளை எப்படி வடிவமைப்பது, வடிவமைத்ததை ஊர் மக்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்பதுதான் பாடம். மூன்றாம் வருட மாணவர்கள் குழுவாகப் பிரிந்து, பக்கத்து ஊரில் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு தீர்வை வரைந்து, அங்குள்ள மக்களுக்கு விளக்கி, அவர்களின் சம்மதத்தை வாங்கிவர வேண்டும். கட்டத் தேவையில்லை, வரைந்து விளக்கினால் போதும்.

ஸஜாத்தின் குழு கல்முனைக்குடியில் கடலோரத்து ஒடுங்கிய ஒழுங்கைத் தெரு ஒன்றை எடுத்திருந்தது. நெருக்கமான வீடுகள், மணல் தரை, ஆழமில்லாத கிணறுகள். குளிக்கிற தண்ணீர் கிணற்றடியிலேயே இறங்கித் திரும்பவும் கிணற்றுக்கே போய்ச் சேர்கிறது. அந்தத் தண்ணீரை ஒரு குழாயில் சேர்த்துப் வீடுகளின் பின்வளவுகள் வழியாகக் கொண்டுபோய், சல்லிக்கல் நிரப்பிய ஒரு படுக்கையில் விட்டு, மேலே வாழையும் கல்வாழையும் நட்டுச் சுத்தமாக்குவது அவர்களின் திட்டம். கெட்டித்தனமான திட்டம்தான். அதைவிட அவர்கள் செய்த சுவரொட்டிப் படம் இன்னும் கெட்டித்தனம். வருகிற வியாழக்கிழமை கொழும்பிலிருந்து வரும் குழுவுக்குக் காட்டும் கண்காட்சியில் முதலாவதாக அதைத்தான் வைப்பது என்று பீடத்தில் முடிவாகியிருந்தது.

ஐம்பத்தேழு படிவங்கள், ஐம்பத்தேழு கையெழுத்துகள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. சில இடத்தில் கைநாட்டும் இருந்தது. ஜெனூபாவுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு பின்பக்கங்களைப் பார்த்துக்கொண்டு வந்து பதினோராவது படிவத்தைப் புரட்டினாள். பின்னால் ஒரு தாள் பின் குத்தியிருந்தது. தேசிய அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி.

அடுத்ததிலும் ஒன்று இருந்தது. அதற்கடுத்ததில் அடையாள அட்டையோடு வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் இருந்தது. எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொரு படிவங்களில் அடையாள அட்டைக் கொப்பி. ஒரு படிவத்தில் ஒழுகுகிற கூரையின் படம் வேறு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழை நடுகிற படத்துக்கு 'நல்லா இருக்கு' என்று சொல்ல எவனாவது வங்கிப் புத்தகத்தைக் கொடுப்பானா? இந்தப் பிள்ளைகள் அந்தச் சனத்துக்கு என்ன ஆசை காட்டினார்கள்? ஸஜாத்தின் வாப்பா காலிதீன் மாநகர சபைத் தேர்தலில் நிற்கப் போகிறார் என்று ஊரில் ஒரு கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. அது இப்போது அவள் மண்டைக்குள் வந்து சப்பாணி கட்டி உட்கார்ந்துகொண்டது.

ஸஜாத்தையும், குழுவில் வரைதல் வேலையைச் செய்த யதுசாவையும் கூப்பிட்டாள். ஸஜாத் உயரமான, வாய்த்துடுக்கான பிள்ளை. யதுசா பாண்டிருப்புக்காரி, கேட்டால்தான் கதைப்பாள்.

"இது என்ன?"

"ஐடி கொப்பி, மெடம்."

"அது எனக்கும் தெரியுது. வாழை நடுறதுக்கு என்னத்துக்கு ஐடி கொப்பி?"

ஸஜாத் மென்று விழுங்கினான். "அவங்களாத்தான் தந்தாங்க, மெடம்."

"நீங்க கேக்கல்லயா?"

"அல்லாட காவல், நாங்க கேக்கல்ல."

"கேக்காமத் தந்தத ஏன் வாங்கினீங்க?"

யதுசா தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "வேணாமெண்டு சொன்னா கோவிக்கிறாங்க, மெடம். ஒரு ஆள் சைனே வைக்க மாட்டன் எண்டு படிவத்தத் திருப்பித் தந்திட்டாரு. அதுக்குப் பிறகு நாங்க... தந்தத வாங்கினம்."

"உங்கட வாப்பா எலெக்சன் கேக்கிறாராமே, ஸஜாத்?"

அவன் முகம் சிவந்துபோயிற்று. "அதுக்கும் இதுக்கும் என்ன மெடம்?" என்றான். அந்தக் குரலில் இருந்தது கோபமா, பயமா என்று ஜெனூபாவால் பிரித்தறிய முடியவில்லை. பயம் என்றே வைத்துக்கொண்டாள். சந்தேகப்படுகிறவர்கள் அப்படித்தான், இரண்டில் கெட்டதை எடுத்துக்கொள்வார்கள்.

அன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்தாள். காரைதீவு, சாய்ந்தமருது தாண்டிக் கல்முனைக்குடிக்குள் நுழைந்து, கடல் இரைச்சல் கேட்கிற இடத்தில் அந்த ஒழுங்கையைக் கண்டுபிடித்தாள். முனையில் பக்கீர் முகைதீனின் டயர் ஒட்டுக் கடை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பின்சில்லைக் காட்டிக் காற்றடிக்கச் சொன்னாள். சில்லில் காற்று நிறையவே இருந்தது.

"காக்கா, கெம்பஸ் புள்ளயள் ஒரு படிவம் கொண்டுவந்தாங்களாமே. நீங்களும் சைன் வெச்சீங்களா?"

"ஓம், வெச்சன்."

"எதுக்கு?"

"வீட்டுக்குத்தான். புதுசா ஒரு வீட்டுத் திட்டம் வருகுதாமே."

ஜெனூபாவின் காது நிமிர்ந்தது. "அவங்களா அப்பிடிச் சொன்னாங்க?"

"அவங்க என்னத்தச் சொல்ற. ஒரு படம் காட்டினாங்க. நல்ல வடிவான படம். இங்கிலீசில என்னமோ எழுதியிருந்திச்சி."

பக்கத்தில் தன் சைக்கிளுக்குக் காத்திருந்தவர் குறுக்கே வந்தார். "வீடு இல்ல காக்கா. கடலுக்கு மதில் கட்டப்போறாங்க. நான் அதுக்குத்தான் சைன் வெச்ச." எதிர்வீட்டுக் கடப்படியில் நின்ற பெண்ணுக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. "மதிலுமில்ல, ஒண்டுமில்ல. கிணறு கலங்கின ஆக்களுக்குப் பைப் தண்ணி குடுக்கிற. எங்கட மச்சி சொன்ன."

ஒரே படிவம். ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு மதில், இன்னொருவருக்குக் குழாய்த் தண்ணீர். ஜெனூபாவின் சந்தேகம் வழி தெரியாமல் நின்றது. ஏமாற்ற வந்தவன் ஒரு பொய்யையாவது எல்லோருக்கும் ஒன்றுபோலச் சொல்லியிருப்பான் அல்லவா?

"எதுக்கெண்டு நீங்க ஒருத்தரும் கேக்கல்லயா?"

பக்கீர் முகைதீன் டியூபை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். "கேக்கிறயா? தங்கச்சி, சுனாமிக்குப் பொறகு எங்கட முகைதீன்பாவா காக்கா கேட்டாரு. இது என்ன லிஸ்ட், ஆர் அனுப்பின, எப்ப தருவீங்க எண்டு வந்த ஒவ்வொரு ஆளிட்டயும் கேட்டாரு. எல்லாரும் வீடு எடுத்தம். அவருட பேர் மட்டும் விடுபட்டுப் போச்சி. பதினொரு வரிசம் தகரக் கொட்டில்ல இருந்து, அங்கயே கண்ண மூடி மௌத்தானாரு. அதுக்குப் பொறகு இந்த ஒழுங்கையில ஒருத்தரும் படிவத்தோட வாற ஆளிட்ட வாய் திறக்கிறல்ல. சைன் வெப்பம், ஐடி கொப்பி குடுப்பம். வந்தா வருகுது, வராட்டிப் போகுது."

கடை மேசையின் லாச்சியைத் திறந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்துக் காட்டினார். உள்ளே பத்துப் பதினைந்து போட்டோக்கொப்பிகள் மடிப்புக் குலையாமல் தயாராக இருந்தன. "எல்லா வீட்டிலயும் இந்தப் பை இரிக்கும்" என்றார். சொல்லி முடித்ததும் அவர் கண் சுருங்கியது. "அது சரி, நீங்க ஆரு மிஸ்? செக் பண்ண வந்தீங்களா?"

தங்கச்சி ஒரு நொடியில் மிஸ் ஆகிவிட்டாள். அதற்குள் செய்தி ஒழுங்கைக்குள் அவளுக்கு முன்னே ஓடிவிட்டது. அவள் நடந்துபோகும்போது ஒரு வளவில் மோட்டார் சைக்கிளைக் கட்டில் விரிப்பால் அவசரமாக மூடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி பட்டென்று நின்றது. இன்னொரு வீட்டில் நல்ல கதிரைகள் அறைக்குள் போய், கால் உடைந்த கதிரை ஒன்று விறாந்தைக்கு வந்தது. இல்லாதவராகத் தெரிந்தால்தான் பட்டியலில் பேர் நிற்கும். மாணவர்களைச் சந்தேகித்து வந்தவளை ஊரே சந்தேகித்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வர வேண்டிய இடம், ஆனால் ஜெனூபாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒளிக்க ஒன்றுமில்லாத வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த வீட்டுக் கடப்படியில் ஐம்பது கடந்த ஒரு பெண் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, மலர்ந்த முகத்தோடு நின்றார். சபியா உம்மா. புருஷன் மௌத்தாகி ஆறு வருடம். மகள் றிஸ்லா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். இருவர் மட்டும்தான் வீட்டில்.

"வாங்க புள்ள, வாங்க. நீங்க வருவீங்க எண்டு நான் நாளெல்லாம் பாத்துக்கிட்டு இரிக்கன்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கேட்காமலே இஞ்சி தட்டிய பிளேன்டீ வந்தது. "எப்ப வேலை தொடங்குவீங்க?"

"என்ன வேலை, ராத்தா?"

"என்ன வேலையா? பைப் போடுற வேலைதான். எங்கட பக்கத்தில ஒரு தடங்கலும் இல்ல. எல்லாத்தயும் எடுத்துப் போட்டு இடத்தத் துப்புரவாக்கி வெச்சிரிக்கன். வந்து பாருங்களேன்."

பின்வளவுக்குப் போனார்கள். கிணறு, ஒரு முருங்கை, அப்புறம் ஒரு சீமெந்துத் தரையின் உடைந்த மிச்சம். நாலு மூலையிலும் தூண் பிடுங்கிய குழி. தகரங்கள் மதிலோரம் அடுக்கிக் கிடந்தன, பாதி கறள் பிடித்துக் கிழிந்து. ஜெனூபாவுக்கு அந்த இடத்தை நன்றாகத் தெரிந்தது. சுவரொட்டிப் படத்தில் இதே கிணறும் இதே முருங்கையும் இருந்தன. அவற்றுக்கு நடுவில் பச்சைப் பசேலென்று வாழை வரிசை.

"இதில என்ன இருந்தது, ராத்தா?"

"எங்கட பாத்ரூம். றிஸ்லாட மூத்தாப்பா, என்ட வாப்பா, இரிக்கக்குள்ள கட்டித் தந்த. குளிக்கிறதுக்கு எங்களுக்கு அது ஒண்டுதான் மறைவு."

"அத ஏன் உடைச்சீங்க?"

"படத்தில அது இல்லயே, புள்ள." சபியா உம்மா இதைக்கூடத் தெரியாதா என்பது போலச் சொன்னார். "நான் நல்லா உத்துப் பாத்தன். கிணறு இரிக்கி, முருங்க இரிக்கி, வீடு இரிக்கி, பாத்ரூமக் காணல்ல. அப்ப அத எடுக்கணும் எண்டுதானே அர்த்தம்? எங்களால வேலை சுணங்கி, எல்லாருக்கும் இல்லாமப் போயிரப் படாது எண்டு அடுத்த கிழமையே ஆள் பிடிச்சி ஒடச்ச."

"அந்தப் பிள்ளைகளிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா பேர வெட்டிருவாங்களோ எண்டு பயம்."

"இப்ப எங்க குளிக்கிறீங்க?"

சபியா உம்மா குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வீடு தள்ளி மச்சிட வீட்டில. சுபஹுக்கு முன்ன போகணும், அங்க ஆம்பிளையள் எழும்ப முந்தி. றிஸ்லா உடுப்புப் பொதியத் தூக்கிக்கிட்டு விடியக்காலயில ஒழுங்கையில நடக்கிறதப் பாக்க எனக்கு ஒரு மாதிரித்தான். அஞ்சி கிழமையாச்சி. பறவாயில்ல, நல்லதொண்டு வரக்குள்ள கொஞ்சம் பொறுக்கத்தானே வேணும்?"

ஜெனூபா கையிலிருந்த கோப்பையைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். அவளுக்கு ஸஜாத் நினைவுக்கு வரவில்லை, காலிதீனும் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் தன் அறையில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. யதுசா படத்தின் முதல் பிரதியைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் கிணறு இருந்தது, முருங்கை இருந்தது, தகரம் அடித்த ஒரு பழைய குளியலறையும் இருந்தது. சிவப்புப் பேனையால் அந்தக் குளியலறையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டவள் ஜெனூபாதான். 'படத்தில் குப்பை அதிகம். தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். படம் தெளிவாக இருந்தால்தான் மக்களுக்குப் புரியும்' என்று பக்கத்தில் எழுதியவளும் அவள்தான்.

இத்தனை நாளும் ஊரில் உள்ள எல்லார் செவுளையும் தூக்கிப் பார்த்தவள் தன்னை மட்டும் பார்க்கவே இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஒரு மனுஷியின் மறைவைக் குப்பை என்று எழுதிய கை இந்தக் கைதான்.

பொய் சொல்லிவிட்டுப் போய்விடலாம். 'வேலை கொஞ்சம் பிந்தும்' என்று ஒரு வார்த்தை போதும், சபியா உம்மா இன்னும் ஒரு வருடம்கூடப் பொறுத்திருப்பார். அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் அந்த மலர்ந்த முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

"ராத்தா, நான் அந்தப் புள்ளயளுட டீச்சர். வேலை ஒண்டும் தொடங்கப் போறல்ல. இது அவங்கட பாடம். ஒரு படத்த வரைஞ்சி உங்களுக்கு விளங்கப்படுத்தி, உங்கட கருத்தக் கேக்கச் சொல்லி நான்தான் அனுப்பின. கட்டுறதுக்கு இல்ல. வீடும் இல்ல, மதிலும் இல்ல, பைப்பும் இல்ல."

சபியா உம்மா உடைந்த சீமெந்துத் துண்டு ஒன்றைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினார். சத்தம் போடுவார் என்று ஜெனூபா எதிர்பார்த்தாள், போடவில்லை. அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

"பாடமா?" என்றார். "அப்ப என்ட சைன் எதுக்கு?"

"பத்துப் புள்ளிக்கு" என்று உண்மையைச் சொன்னாள் ஜெனூபா. மாணவர்களுக்கு மதிப்பெண் போடும் புள்ளித் திட்டத்தை வகுத்தவளும் அவளே. ஐம்பது கையெழுத்துக்கு மேல் கொண்டுவந்தால் பத்துப் புள்ளி. விளங்கியதா என்று பார்ப்பதற்கு அதில் அரைப் புள்ளிகூட இல்லை.

"படிச்ச ஆக்கள் நீங்க" என்றார் சபியா உம்மா, கோபமில்லாத குரலில். "படம் கீற, கணக்குப் பாக்க எல்லாம் அந்தப் புள்ளயளுக்குப் படிச்சிக் குடுத்திரிக்கீங்க. எங்களப் பாத்து 'உங்களுக்கு என்ன வெளங்கிச்சி, சொல்லுங்க' எண்டு ஒரு கேள்வி கேக்க மட்டும் படிச்சிக் குடுக்கல்லயே, புள்ள."

அடுத்த நாள் காலை ஜெனூபா குழுவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். குளியலறைக் கதையைக் கேட்டதும் யதுசாவின் கண் கலங்கிவிட்டது. ஸஜாத் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குத் தெரியும், மெடம்" என்றான் ஒருவழியாக. "பாத்ரூம் ஒடச்சது தெரியாது. ஆனா அவங்க ஏதோ கிடைக்கப் போகுதெண்டு நினைக்கிறாங்க எண்டு மூணாவது வீட்டிலயே எனக்கு வெளங்கிட்டு. இல்லயெண்டு சொன்னா சைன் வைக்க மாட்டாங்க. அதால நான் ஒண்டும் சொல்லல்ல. பொய் சொல்லல்ல, மெடம். சும்மா இருந்திட்டன்."

"நானும் சும்மாதான் இருந்தன்" என்றாள் ஜெனூபா. "அம்பத்தேழு பேர்ல ஒருத்தர்கூட ஒரு குறையும் சொல்லல்லயே எண்டு எனக்கு அண்டைக்கே சந்தேகம் வந்திருக்க வேணும். கையெழுத்து உண்மையா எண்டுதான் பாத்தன், சம்மதம் உண்மையா எண்டு பாக்கல்ல. உங்கட வாப்பாவ இழுத்ததுக்கு மன்னிச்சிக்கங்க."

"அப்ப வியாழக்கிழமை கண்காட்சியில எத்தின பேர் சம்மதிச்சாங்க எண்டு சொல்ற?" என்று கேட்டான் ஸஜாத்.

"பூச்சியம் எண்டு சொல்லுங்க. ஏன் பூச்சியம் எண்டும் சொல்லுங்க. அதுதான் நீங்க செஞ்ச வேலையிலயே நல்ல பகுதியா இருக்கும்."

கண்காட்சியில் பூச்சியம் என்றே சொன்ன மறுநாள், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகு பக்கீர் முகைதீனின் கடைக்கு முன்னால் ஒழுங்கைச் சனம் கூடியது. ஸஜாத் பேசினான். வீடும் இல்லை, மதிலும் இல்லை, குழாயும் இல்லை என்று முதலில் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டது தங்கள் பிழை என்றான். ஏச்சு விழுந்தது. நன்றாகவே விழுந்தது. "எங்கள மடையனாக்கவா படிக்கிறீங்க?" என்று ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார், பக்கீர் முகைதீன்தான் பிடித்து நிறுத்தினார். யதுசா அடையாள அட்டைக் கொப்பிகளைப் பெயர் வாசித்து ஒவ்வொருவர் கையிலும் திருப்பிக் கொடுத்தாள். சிலர் வாங்கினார்கள். சிலர் முறைத்துவிட்டுப் பறித்துக்கொண்டு போனார்கள். எதுவும் இனிமையாக முடியவில்லை.

சனிக்கிழமை காலை கொத்துவேலை மேசன் ஒருவரோடு மாணவர்களும் குளியலறையைத் திரும்பக் கட்டச் சபியா உம்மாவின் வளவில் இறங்கினார்கள். வடிவமைப்பு எதுவும் கொண்டுவரவில்லை. சபியா உம்மா நின்று சொன்னதைத்தான் செய்தார்கள். கதவு ஒழுங்கைப் பக்கம் பார்க்கக் கூடாது, சமைக்கிற குசினிக் கதவுக்கு நேரே இருக்க வேண்டும், வீட்டுக்குள்ளிருந்து நாலே எட்டில் போய்விட வேண்டும் என்றார். வெயில் சாய்கிற நேரம் புதுத் தகரம் அடித்த குளியலறை எழும்பி நின்றது. றிஸ்லா உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்து சிரித்தாள்.

யதுசா சுவரொட்டிப் படத்தைக் கொண்டுவந்திருந்தாள். கறுப்பு மார்க்கரை எடுத்துக் கிணற்றுக்கும் முருங்கைக்கும் நடுவில் குளியலறையைக் கையால் கீறினாள். அந்தப் பளபளப்பான படத்தில் அது கோணலாகத் தெரிந்தது. சபியா உம்மாவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, குளித்த தண்ணீர் எதற்குள்ளால் போகும், சல்லியில் எப்படி வடியும், வாழை அதை எப்படி எடுக்கும் என்று விரலால் தொட்டுத் தொட்டு ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள். சொல்லி முடித்ததும், "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, உங்களுக்கு என்ன விளங்கிச்சி?" என்று கேட்டாள்.

சபியா உம்மா சொன்னார். திக்கித் திக்கித்தான் சொன்னார், ஆனால் சரியாகச் சொன்னார். ஸஜாத் பேனையை நீட்டினான், பழக்கதோஷம். அவர் பேனையை வாங்கவில்லை. விரல் இன்னும் படத்தின் மேலேயே இருந்தது.

"மகன், மாரி மழைக்கு இந்த வளவில முழங்கால் தண்ணி நிக்கும். கிணத்துத் தண்ணியே மேல வந்து தொட்டுப் பாக்கலாம். அந்த நேரம் இந்தச் சல்லிக் கிடங்கில இரிக்கிற அழுக்குத் தண்ணி எங்க போற?"

ஸஜாத் யதுசாவைப் பார்த்தான். யதுசா ஜெனூபாவைப் பார்த்தாள். ஜெனூபா படத்தைப் பார்த்தாள். எங்கே போகும்? மிதந்து நேரே கிணற்றுக்குள்தான் போகும். எந்தக் கிணற்றைக் காப்பாற்றப் படம் கீறினார்களோ அந்தக் கிணற்றுக்குள்ளேயே. கம்பியூட்டரில் எத்தனையோ கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், கோடைகாலத்துத் தரையை அளந்துவிட்டு மாரியை மறந்துவிட்டார்கள். கையெழுத்து வைத்த ஐம்பத்தேழு பேருக்கும் அது தெரிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

"எங்களுக்குத் தெரியா, ராத்தா" என்றாள் ஜெனூபா. "நாங்க அத யோசிக்கவே இல்ல."

"அப்ப யோசிச்சிட்டு வாங்க" என்றார் சபியா உம்மா. பேனையை எடுத்து ஸஜாத்தின் சட்டைப் பையில் அவரே செருகிவிட்டார். "வெளங்காம வெச்ச சைன் என்ட பாத்ரூமத் திண்டிச்சி. இனி வெளங்கினாத்தான் வெப்பன். கேக்கிறதக் கேட்டுப்போட்டுத்தான் வெப்பன்."

ஜெனூபா தன் பையிலிருந்து புள்ளித் திட்டத் தாளை எடுத்தாள். 'ஐம்பது கையெழுத்து – பத்துப் புள்ளி' என்ற வரியை அந்தச் சிவப்புப் பேனையாலேயே வெட்டினாள். மாணவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

"எழுதிக்கங்க. ஒரு ஆளுக்கு விளங்காம வாங்கின சம்மதம் சம்மதம் இல்ல, அது களவு. பயத்தில தலையாட்டுற ஐம்பத்தேழு பேரை விட, தைரியமாக் கேள்வி கேக்கிற ஒரு ஆள்தான் நீங்க கட்டுற எதையும் காப்பாத்துவாரு."

மதிலுக்கு அப்பால் ஒரு தலை தெரிந்தது. பக்கீர் முகைதீன். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பல வருடமாக அந்த ஒழுங்கையில் சபியா உம்மாவைத் தவிர யாரும் படிவக்காரரிடம் செய்யாததைச் செய்தார்.

"மிஸ், எனக்கும் ஒண்டு கேக்க இரிக்கி."